கொசுவலைக்கு வந்த மொய்

இந்தக் கதையில் நரைத்த தாடி சீடனுக்குத்தான். குருவுக்கு முப்பத்தொரு வயது. முன்னால் விழும் முடிக்கு ஒரு கிளிப்பும், மூக்கில் நிற்காமல் வழுக்கி இறங்கும் ஒரு கண்ணாடியும் உண்டு. ஆசிரமம் கோயம்புத்தூர் கணபதியில், ஒரு பேக்கரியின் மாடி. அங்கே கண்ணை மூடி உட்கார்ந்தால் தியானம் வராது. கீழேயிருந்து தேங்காய் பன் வாசம் வந்து பசியைக் கிளப்பிவிடும்.

குருவின் பெயர் கோகிலவாணி. சின்னச் சின்ன வலைத்தளங்கள் கட்டி விற்பது அவள் தொழில். ஒரு தளத்துக்கு ஒரே ஒரு சங்கதி. புறாத் தீனிக்கு ஒன்று கட்டினாள். பழைய தையல் மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பள்ளிக்கூடப் பையின் ஜிப்புக்குக்கூட ஒன்று. நாலு பேர் தேடி வர ஆரம்பித்ததும் நல்ல விலைக்கு விற்றுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடங்குவாள்.

சீடர் சென்னியப்பன், ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதியே தலை நரைத்தவர். மில் மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் முதல் நாள் படியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மில்லு மூடிப் போச்சுங்க அம்மிணி. ஆனா மில்லோட வெப்சைட்டு மட்டும் இன்னும் 'வருக வருக'ன்னு கூப்புட்டுட்டே இருக்குது. நீங்கதான் அதைச் செஞ்சதுன்னு சொன்னாங்க."

"ஆமாங்ணா. காலேஜ் முடிச்ச புதுசுல செஞ்சது."

"அந்த மாதிரி ஒண்ணு கட்டி விக்கறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"எதுக்குங்ணா?"

சென்னியப்பன் தாடியைத் தடவினார். வீட்டில் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பார். இந்தப் பெண்ணிடம் ஏனோ உண்மை வந்துவிட்டது.

"மச்சினன் குமரேசன் சூலூர்ல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கறான். எனக்குன்னு ஒரு சேர் வாங்கிப் போட்டு, 'நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும் மாமா'ங்கறான். மாசமானா கவர் வருது. தங்கச்சி அரிசி மூட்டை அனுப்பறா. டாக்டரு தெரிஞ்சவரு, பீஸ் வாங்க மாட்டேங்கறாரு. எல்லாரும் குடுக்கறாங்க அம்மிணி. எங்கிட்ட யாரும் எதையும் வாங்க மாட்டேங்கறாங்க."

கோகிலவாணி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"என்னை யாருன்னே தெரியாத ஒருத்தன், எங்கிட்ட இருந்து ஒண்ணு வாங்கோணும். ஒரே ஒரு தடவை போதும்" என்றார் சென்னியப்பன். உடனே, "உங்களுக்கு என்ன பீஸுங்க?" என்று கேட்டார்.

வேண்டாம் விடுங்க, அப்பா மாதிரி இருக்கறீங்க என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"விக்கற வெலையில பத்துல ஒரு பங்கு" என்றாள் கோகிலவாணி. "ஒரு ரூவா கொறைய மாட்டேன். இப்பவே சொல்லீட்டேன்."

அவருக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று.

மறுநாள் சென்னியப்பன் ஒரு திட்டத்தோடு வந்தார். ஆன்மிகம், சமையல், சர்க்கரை நோய், ஷேர் மார்க்கெட், பழைய பாட்டு எல்லாம் ஒரே தளத்தில். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் அதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கோகிலவாணி கேட்டுக்கொண்டே பன்னைப் பிய்த்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள்.

"நேத்து உங்களைத் தூங்க விடாமப் பண்ணுனது எதுங்ணா?"

வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்தும் பார்த்தார். ஆனால் கணக்கு எழுதிய கை. பொய் வரவில்லை.

"கொசுங்க."

"அப்ப அதை எழுதுங்க."

"கொசுவைப் பத்தி ஊரே எழுதியிருக்குதுங்களே."

"கொசுவை விடுங்க. வலையைப் பத்தி?"

சென்னியப்பன் யோசித்தார். போன மாதம்தான் படுக்கையறை ஜன்னலுக்கு வலை மாட்டினார். அளவு தப்பி, ஒரு விரல் இடைவெளி விழுந்து, ஊர்க் கொசு மொத்தமும் அந்த ஒரு விரல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"அதுல எழுதறதுக்கு என்னங்க இருக்குது?"

"ஒட்டற வலையா, சட்டம் போட்ட வலையா? அளவு சுவத்துல எடுக்கோணுமா, சட்டத்துல எடுக்கோணுமா? எப்படித் தொவைக்கறது? பூனை கிழிச்சா என்ன பண்றது?"

"தெரியலீங்களே."

"உங்களை மாதிரி தெரியாதவங்க எத்தனை பேரு இருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?"

அப்படித்தான் கொசுவலைக்கு ஒரு வலைத்தளம் பிறந்தது. வீட்டில் மனைவி ருக்குமணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கொசுவுக்குக் கம்ப்யூட்டர் வெச்ச மொத ஆளு நீங்கதான்" என்றாள்.

சென்னியப்பன் சளைக்கவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். வலை மாட்டுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். கேட்டதைத் தன் வீட்டு ஜன்னலில் செய்து பார்த்து, சரியாக வந்ததை மட்டும் எழுதினார். தளத்தில் ஒவ்வொரு பக்கமாகச் சேர்ந்தது. ஓரத்தில் விளம்பரங்கள். வலை வாங்க நினைத்து வருகிறவர் அந்த விளம்பரத்தைத் தொட்டால், விளம்பரக் கம்பெனி இவருக்குச் சில்லறை தரும். ஆள் வரத்தும் அந்தச் சில்லறையும் ஏறினால், தளத்தின் விலையும் ஏறும்.

ஆனால் ஆள் வந்தால்தானே.

"அம்மிணி, ஒரு தளத்துக்கு எத்தனை பேரு வந்தாப் போதும்?"

"ஒருத்தர்."

"வெளையாடாதீங்க."

"ஒருத்தர் வரோணும். போயிட்டு மறுபடியும் வரோணும்."

"ஏன் மறுபடியும்?"

"மொதத் தடவை யாரு வேணாலும் வழி தப்பி வருவாங்கங்ணா."

சென்னியப்பன் அதைப் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். புரியவில்லை என்பது அடுத்த மாதம் தெரிந்தது.

குமரேசன் மகளுக்குக் காதுகுத்து. சூலூர் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பங்காளி ஒருவர், "இப்ப என்ன பண்ணீட்டு இருக்கறீங்க?" என்று கேட்டார். இரண்டு வருடமாக அந்தக் கேள்வி வரும் திசையைப் பார்த்தாலே சென்னியப்பன் கை கழுவப் போய்விடுவார். இந்த முறை எழுந்திருக்கவில்லை.

"சொந்தமா வெப்சைட்டு வெச்சிருக்கறேன்" என்றார்.

போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. பொள்ளாச்சிப் பெரியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுல காசு எங்கிருந்து சாமி வரும்?" என்று கேட்டாள்.

"இந்த ஓரத்துல வெளம்பரம் இருக்குதில்லீங் பெரியம்மா, அதை யாராச்சும் தொட்டா வரும்."

அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. எந்த விளம்பரம் எங்கே வரும் என்றுவரை விளக்கினார்.

"அட, இவ்வளவுதானா!" என்றார் பங்காளி. "எல்லாரும் போனை எடுங்கப்பா. அண்ணனுக்கு ஒரு மொய் வெச்சுருவோம்."

மொய் என்பது கொங்குச் சனத்துக்கு லேசான விஷயம் இல்லை. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. வைக்காமல் விட்டால் பேச்சு வரும். வைத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் சண்டையே வரும். உறவு என்று இருந்தால் மொய் இருக்கும். மொய்யில் நேரம் பார்ப்பதில்லை, தூரம் பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து சென்னியப்பனின் தளத்தில் திருவிழாக் கூட்டம். தாராபுரத்துப் பங்காளிகள் விடிந்ததும் ஒரு மொய் வைத்தார்கள். காங்கேயத்துச் சித்தி, சீரியல் தொடங்கும் முன் ஒன்று, முடிந்ததும் ஒன்று. பெரியம்மா சாமி கும்பிட்ட கையோடு விளம்பரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதாகக் கேள்வி.

சென்னியப்பன் மைசூர்பாவோடு மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார்.

"பாருங்க அம்மிணி!"

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. மைசூர்பாவை அவள் எடுக்கவில்லை.

"பொள்ளாச்சியில இருந்து ஒருத்தர் தெனமும் வெடியக்காலம் வர்றாரு. வந்த ஒடனே வெளம்பரத்தைத் தொடறாரு. தொட்டுட்டுப் போயிர்றாரு. ஒரு வரிகூடப் படிக்கல. யாருங்ணா இது?"

"எங்க பெரியம்மாங்க."

"காங்கேயம்?"

"சித்தி."

"தாராபுரம்?"

"பங்காளிங்க. மொத்தம் நாலு வீடு."

கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"மெயில் வரும்ங்ணா" என்றாள்.

இரண்டே நாளில் வந்தது. போலியாக விளம்பரங்கள் தொடப்பட்டிருப்பதால் உங்கள் கணக்கு மூடப்படுகிறது என்று விளம்பரக் கம்பெனி எழுதியிருந்தது. சேர்ந்த சில்லறையும் போயிற்று. இந்தக் கெட்ட பெயரோடு தளத்தை யார் வாங்குவார்கள்?

சென்னியப்பனுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அது குருவின்மேல் பாய்ந்தது.

"எஞ்சனம் எனக்கு நல்லது பண்ணுனது தப்புங்களா? அவங்களுக்கு என்மேல பாசம் அம்மிணி. அதைப் போயி போலிங்கறாங்க!"

கோகிலவாணி நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

அவள் திரையில் பொள்ளாச்சியை நீக்கினாள். கோடு கொஞ்சம் இறங்கியது. காங்கேயத்தை நீக்கினாள். தாராபுரத்தை, சூலூரை, ஒவ்வொரு உறவாக நீக்கிக்கொண்டே போனாள். கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாருங்ணா."

தரையில் கிடந்த கோட்டில் ஓர் இடத்தில் சின்னதாக ஒரு மேடு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"இது யாரு?"

"தெரியலீங்க. விழுப்புரம்னு போட்டிருக்குது. எனக்கு விழுப்புரத்துல யாரும் இல்லீங்களே."

"இவங்க வீட்டு விசேசத்துக்கு நீங்க எப்பப் போனீங்க?"

"ஆளே தெரியாதுங்கறேன்."

"அப்பறம் எதுக்கு வந்தாங்க?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். அந்த ஆள் வந்தது தொட்டில் வலையைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு. எந்த விளம்பரத்தையும் தொடவில்லை. ரொம்ப நேரம் இருந்து படித்திருக்கிறார். மறுநாள் திரும்ப வந்து அதையே படித்திருக்கிறார்.

கோகிலவாணி மைசூர்பாவில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவங்களுக்கு எழுதுங்க" என்றாள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. சனத்திடம் போய் மொய்யை நிறுத்தச் சொல்ல வேண்டும். பங்காளிகளிடம் போனில் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள். பெரியம்மா விடவில்லை.

"ஏஞ்சாமி, எம்மொய் உனக்கு ஆகாதா? கை நடுங்க நடுங்கத் தேடித் தேடித் தொட்டனே."

போனை வைத்துவிட்டார். மனது கேட்கவில்லை. குருவிடம் ஓடினார்.

"அவங்க மனசு நோகாம எப்படிங்க நிறுத்தச் சொல்றது?"

"அவங்க வீட்டு ஜன்னலுக்கு வலை இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"டேப்பு எடுத்துட்டுப் போங்க."

சென்னியப்பன் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினார். பெரியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மோர் கொடுத்தாள். அவர் டேப்பை எடுத்து ஜன்னலை அளக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கோபம் ஆறி, ஆர்வம் வந்துவிட்டது.

"ஏஞ்சாமி, கதவு உள்பக்கமாத் தொறக்குதே. வலையை எந்தப் பக்கம் ஒட்டுவே? உள்ள ஒட்டுனா கதவு இடிக்கும். வெளிய ஒட்டுனா கம்பி தடுக்கும்."

சென்னியப்பன் டேப்பைப் பிடித்தபடியே நின்றார். தளத்தில் அத்தனை பக்கம் எழுதியிருந்தார், இது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"தெரியலீங் பெரியம்மா."

"அப்பறம் என்ன எழுதறே நீ?" என்றாள் பெரியம்மா. அத்தனை நாள் மொய் வைத்தவள் அன்றுதான் முதல் கேள்வி கேட்டாள்.

அவர் அங்கேயே தங்கி, இரண்டு ஜன்னலை வீணாக்கி, மூன்றாவதில் வழி கண்டுபிடித்தார். ஊருக்குத் திரும்பி அதை எழுதினார். உள்பக்கம் திறக்கும் கதவு, வெளியே கம்பி, நடுவில் வலை. தமிழ்நாட்டில் பாதி வீட்டு ஜன்னல் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். திண்டிவனம், அறந்தாங்கி, ஓசூர், சிங்கப்பூரிலிருந்துகூட ஒருவர். ஒருவரையும் அவருக்குத் தெரியாது. அவர்கள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள், திரும்பி வந்தார்கள்.

ஒரு நாள் தொட்டில் பக்கத்தின் அடியில் இரண்டு வரி கிடந்தது. "இதைப் பார்த்துத்தான் தைத்தோம். பாப்பா தூங்குகிறாள்." பெயர் இல்லை. சென்னியப்பன் அதை ருக்குமணிக்குப் படித்துக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

வேறொரு விளம்பரக் கம்பெனி, நடந்ததையெல்லாம் விசாரித்துவிட்டு, அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வருடம் நல்லபடியாக ஓடியது.

"இப்ப விக்கலாம்ங்ணா" என்றாள் கோகிலவாணி.

தளங்களை வாங்கி விற்கும் சந்தை ஒன்று இணையத்தில் இருந்தது. சென்னியப்பன் அங்கே போட ஒரு விளம்பரம் எழுதிக் கொண்டுவந்தார். மில் மூடிய கதையில் ஆரம்பித்து, பெரியம்மாவின் ஜன்னல் வழியாக வந்திருந்தது. கோகிலவாணி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, வருகிற ஆள் எத்தனை, வருகிற பணம் எத்தனை என்பதை மட்டும் விட்டுவைத்தாள். முன்பு கணக்கு மூடப்பட்டதையும் ஒரு வரியில் சேர்த்தாள்.

"அதை எதுக்குங்க சொல்றது?"

"கேக்கறதுக்கு முன்னாடி சொல்லீரோணும்."

நாலு நாளில் ஓர் ஆள் வந்தான். ஸ்ரீ அமராவதி டிரேடர்ஸ் என்று பெயர். சொன்ன விலைக்கே சம்மதம் என்று எழுதியிருந்தான். சென்னியப்பன் தரையில் நிற்கவில்லை. தாடியை மழித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"என்ன கேட்டாரு?" என்றாள் கோகிலவாணி.

"ஒண்ணுமே கேக்கலீங்க! வெலையைப் பார்த்தாரு, சரின்னுட்டாரு."

"கணக்கு மூடுன விசயம்?"

"பரவால்லைன்னுட்டாரு."

"அவரு எழுதுனதைக் கொஞ்சம் படிங்க."

சென்னியப்பன் போனை எடுத்துப் படித்தார். "விலை சம்மதம். பணம் நாளைக்கே அனுப்புகிறேன். எல்லாம் நல்லா வரும், கவலைப்படாதீங்க."

அந்தக் கடைசி வரியில் அவர் குரல் தானாக மெலிந்தது. மூன்று வருடமாக, மாதத்துக்கு ஒரு தடவை, கவரை நீட்டும்போது சொல்லப்படும் வார்த்தை அது.

கோகிலவாணி திரையை அவர் பக்கம் திருப்பினாள். அந்த வாரம் சூலூரிலிருந்து ஒரே ஒரு வருகை. முதல் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

சென்னியப்பன் கடைக்குப் போனபோது குமரேசன் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தான். மாமாவின் மழித்த முகத்தைப் பார்த்ததுமே குட்டு உடைந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. நீங்க படற பாட்டைப் பார்க்க முடியல. அதான் கூட்டாளி பேருல…"

அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சென்னியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மனசு தங்கம்டா மாப்ள. ஆனா நீ வாங்குனா, நான் வித்ததா ஆகாது."

"காசு காசுதானுங்களே மாமா."

"இல்லடா" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, வந்த லாபத்தைக் காலால் எட்டி உதைத்துவிட்டோமோ என்று இருந்தது. வீட்டில் ருக்குமணியிடம் சொன்னார். அவள் தன் தம்பியை ஒரு நிமிடம் திட்டினாள். பிறகு, "தாடி இல்லாம நல்லாத்தான் இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனாள்.

அதன்பின் வெகுநாள் யாரும் வரவில்லை. சென்னியப்பனுக்குத் தாடி திரும்ப வளர்ந்தது.

பிறகு வாணியம்பாடியிலிருந்து ஒரு போன். பெயர் அன்வர் பாஷா. இந்த மாதிரித் தளங்களை வாங்கி வைத்து நடத்துகிறவர். வணக்கம் சொன்ன கையோடு ஆரம்பித்துவிட்டார்.

"சார், உங்க சைட்டை மூணு நாளாப் பார்க்கிறேன். டிசைன் ரொம்பப் பழசு. பாதி போட்டோ மங்கலா இருக்கு. பூனை கிழிச்ச வலைக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க, அதை யார் சார் தேடுறாங்க?"

"தேடறாங்க சார்" என்றார் சென்னியப்பன். "நானே…"

"விளம்பரக் கணக்கு ஒரு தடவை மூடியிருக்கு. எனக்கு அதுல ரிஸ்க். மழைக்காலத்துல வர்ற ஆளை வருசம் பூரா வர்ற மாதிரி காட்டியிருக்கீங்க. வெயில் காலக் கணக்கைத் தனியா அனுப்புங்க."

அனுப்பினார். மறுநாள் அதிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு அன்வர் பாஷா கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பெரியம்மா ஜன்னல் பக்கத்தைப் பற்றி மட்டும் ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று சென்னியப்பன் காத்திருந்தார். "இதுதான் கொஞ்சம் ஆளைக் கொண்டுவருது, ஆனா எழுத்துப் பிழை இருக்கு" என்றார் அவர். கடைசியில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டார். சென்னியப்பன் மாட்டேன் என்றார். அவர் போனை வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுக் கொஞ்சம் ஏறினார். இவர் கொஞ்சம் இறங்கினார். முடிந்தது.

பணம் வந்தது. கடவுச்சொல்லை எழுதி அனுப்பினார். அன்று சாயங்காலம் வழக்கம்போலத் தளத்துக்குள் நுழையப் பார்த்தார். கடவுச்சொல் தவறு என்று திரை சொன்னது. அதற்குள் சாவியை மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் சென்னியப்பன் மாடிக்கு வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. கோகிலவாணியின் பங்கை ஒரு கவரில் போட்டு மேசையில் வைத்தார். அவள் பிரித்து எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டி, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

பிறகு பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"வித்தாச்சு, காசு வந்தாச்சு. அப்பறம் ஏனுங்ணா இப்படி உக்காந்திருக்கறீங்க?"

"என்ன பேச்சுப் பேசிட்டாரு தெரியுங்களா அம்மிணி! டிசைன் சரியில்லையாம். போட்டோ சரியில்லையாம். எழுதத் தெரியலையாம். அத்தனை நாளு ஓடி ஓடிச் செஞ்சதை, எடைக்குப் போடற பழைய பேப்பரு மாதிரி பொரட்டிப் பொரட்டிப் பார்த்தாரு. ஒரு நல்ல வார்த்தை இல்லீங்க. கடைசி நூறு ரூவா வரைக்கும் விடாம இழுத்துக் கொறைச்சுட்டாரு. எஞ்சனத்துல ஒருத்தராச்சும் இப்படிப் பேசியிருப்பாங்களா?"

கோகிலவாணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணாடி வழுக்கி இறங்கியது. அதை ஏற்றிவிடாமல், பன்னின் பாதியை அவர் கையில் எடுத்து வைத்தாள்.

"மொய் வெக்க வந்த யாராச்சும் பேரம் பேசி நீங்க பார்த்திருக்கறீங்களாங்ணா?"